காலிமுகத்திடல்

மாலை வெயில் தணியும் வேளையில் கொழும்புக் கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கிச் செல்வோர், காலிமுகத்திடலைக் கண்டு சற்றே நின்று செல்லுதல் வழக்கம். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே காலி வீதி. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வெளி. இன்று ஐந்து ஹெக்டேயர் அளவே எஞ்சியுள்ள இத்திடல் முற்காலத்தில் இதனினும் பெரிதாயிருந்தது.

மக்கள் காற்று வாங்கும் இவ்விடம் முதலில் போருக்கெனவே வெளியாக விடப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும். 1656ஆம் ஆண்டு போத்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையின் தென்புறத்தை மறைப்பேதும் இல்லாத நிலமாக வைத்திருந்தனர். பகைவர் எவ்வழி வரினும் கோட்டைக் கொத்தளத்துப் பீரங்கிகளின் இலக்குக்குத் தப்பலாகாது என்பதே அதன் நோக்கம். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. நாளடைவில் போரச்சம் நீங்கவே, குண்டு பாயவிருந்த வெளியில் குதிரைகள் பாயத் தொடங்கின. 1893இல் கறுவாத் தோட்டத்திற்கு மாற்றப்படும்வரை, குதிரைப் பந்தயம் இங்கேயே நடைபெற்று வந்தது.

திடலுக்கு இன்றைய உருவத்தை அளித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கடலோரமாக மக்கள் உலாவுதற்கென ஒரு நடைபாதையை 1856இல் அவர் தொடக்கினார். 1859இல் அது நிறைவெய்தியது. அதன் நினைவாக நாட்டப்பட்ட கல்லொன்று இன்றும் அங்குள்ளது. கொழும்பு நகர மாதரினதும் சிறுவரினதும் நலன் கருதி, இந்நடைபாதையைத் தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளின் பராமரிப்புக்கு ஒப்படைப்பதாக அக்கல்லில் அவர் பொறித்து வைத்தார். ஆட்சியாளர் தம் வெற்றியையும் விருதுகளையுமே கல்லில் வெட்டுவது உலக வழக்கு. வார்ட் வெட்டி வைத்ததோ ஒரு வேண்டுகோள். மறு ஆண்டே அவர் சென்னை மாகாணத்தின் தேசாதிபதியாகச் சென்றார். சென்று சில வாரங்களுள் வாந்திபேதி நோய்க்கு இரையானார். அவர் போய்விட்டார்; வேண்டுகோள் நின்றது.

1864இல் திடலின் தென்முனையில் காலிமுக விடுதி எழுந்தது. 1879இல், பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டம் முதன்முதல் இத்திடற் பகுதியிலேயே ஆடப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் ஓரணியில் நின்று ஆடிய ஆட்டம் அது. 1930இல் வடமுனையில் கடலை நோக்கிய தூண்களுடன் சட்டசபைக் கட்டடம் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பாராளுமன்றமாயிற்று. 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தபின், அக்கட்டடம் ஜனாதிபதி செயலகமாக மாறியது.

ஆட்சிபீடத்தின் வாயிலில் அமைந்தமையால், மக்கள் தம் குறையை எடுத்துரைக்கும் களமாகவும் இத்திடல் விளங்கலாயிற்று. 1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் அரச மொழியென்னும் மசோதா பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டபோது, திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கே சத்தியாக்கிரகம் இருந்தனர். கும்பல் ஒன்று அவர்களைத் தாக்கியது. அவர்கள் திருப்பித் தாக்கினாரல்லர். ஈழத் தமிழரின் நினைவில் காலிமுகத்திடல் என்னும் பெயர் கடற்காற்றோடு மட்டுமன்றி அந்நாளின் குருதியோடும் கலந்தே நிற்கின்றது.

அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2022 ஏப்ரல் 9இல், பொருளாதார நெருக்கடியால் நொந்த மக்கள் அதே திடலில் கூடாரமடித்துத் தங்கினர். மே 9இல் அவர்களும் தாக்கப்பட்டனர். ஆயினும் அவர்கள் கலைந்து போகவில்லை. மே 18ஆம் நாள், போரில் மாண்டோரை நினைந்து அங்கே கஞ்சி வழங்கப்பட்டது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரோடு அமர்ந்து அதைப் பருகினர். ஒரு காலத்தில் தமிழர் அடிபட்ட மண்ணிலே தமிழரின் துயரைப் பிறரும் பகிர்ந்துகொண்டனர். ஒரு கோப்பைக் கஞ்சி பழைய புண்ணை முற்றாக ஆற்றிவிடாது. எனினும், ஆற்ற இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இன்று திடலின் வடமேற்கே, கடலை மண்ணிட்டு நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கப்பட்டுள்ளது. 2014இல் தொடங்கிய அவ்வேலையின் நிரப்புப் பணி 2019இல் முற்றுப்பெற்றது. வீதியின் மறுபுறத்தில் வானளாவும் மாடிகள் எழுந்துள்ளன. ஆயினும் திடலுக்குள் நுழைவதற்குக் கட்டணமில்லை. இனமோ மொழியோ கேட்பாருமில்லை. சிறுவர் பட்டம் விடுகின்றனர். இறால் வடை விற்போரின் வண்டிகளைச் சுற்றிப் பசித்தோர் நிற்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் சுவரின்மீது மோதி, நிற்போரின் முகத்தில் உப்புநீரைத் தெளிக்கின்றன.

நெருங்கி வளரும் நகருக்குள் வெறும் வெளியொன்று எதற்கென வினவுவோர் உளர். வீட்டுக்கு முற்றம் எதற்கோ, நகருக்குத் திடலும் அதற்கே. செல்வரும் வறியரும் ஒரே காற்றை ஒரே உரிமையோடு பெறுவதற்கு ஓரிடம் வேண்டும். மக்கள் கூடித் தம் குறை கூறவும் ஓரிடம் வேண்டும். சேர் ஹென்றி வார்ட் தம் வேண்டுகோளைத் தேசாதிபதிகளுக்கே விடுத்தார். தேசாதிபதிகளின் காலம் போயிற்று. அவர் ஒப்படைத்த பொறுப்பு இப்பொழுது இந்நாட்டு மக்களையே சார்ந்தது.