சுழியோடியின் கணக்கு



மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் செட்டிபாளையம். அதன் கரையில் நின்று கிழக்கே நோக்கினால் விரிந்து கிடப்பது வங்கக் கடல். மட்டக்களப்பை அடுத்த இக்கடலிலேதான், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சினால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். அக்கப்பல் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அதனைக் காணச் செல்லும் சுழியோடி உயிருடன் மீள்வதற்கு ஒரு கணக்கு வேண்டும். அக்கணக்கின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர், மூச்சடக்கிய சிறுபொழுதுள் மீண்டனர். காற்றுக்கலன் சுமந்து செல்வோர் நிலை வேறு. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 50 மீற்றரில் அது கரையிலுள்ளதன் 6 மடங்கு. அவ்வமுக்கத்தில் நைதரசன் வாயு உடலின் இழையங்களிற் கரைந்து தங்கும். விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போலக் குமிழிகள் தோன்றும். மூட்டு நோவும், முடக்கமும், சிலபோது மரணமும் நேரும்.

ஹோல்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர் வெள்ளாடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். இடையிடையே தங்கி ஏறுவதற்கான அட்டவணைகளை அவரும் உடனாய்வாளரும் 1908இல் வெளியிட்டனர். பின்னர் சூரிச் நகரின் பியூல்மன், உடலைப் பல இழையக் கூறுகளாகப் பகுத்துக் கணித்தார்; அம்முறை 16 கூறுகளாக விரிந்தது. 1980களில் இத்தகைய கணக்கைச் சுழியோடியின் உடன்செல்லும் சிறு கணினிகள் ஏற்றன.

ஆனால், கணினி பிழைத்தால்? 1990களில் விற்பனையான ஒருவகைக் கருவி, சுழியோடி கரையில் சாதாரண வளியைச் சுவாசிக்கும்போதும், ஒட்சிசன் மிகுந்த கலவையையே சுவாசிப்பதாகக் கொண்டது. ஆதலின், உடலில் எஞ்சிய நைதரசனைக் குறைத்துக் கணித்தது. 2003இல் அமெரிக்காவில் அது மீளப்பெறப்பட்டது. அதன் கட்டளைத் தொடர் மறைவாயிருந்தமையால், அதனை நம்பி இறங்கியோர் அதைத் தாமே வாசித்தறிய வழியிருக்கவில்லை.

இக்குறையை நீக்க உதவுவது திறந்த மூலநிரல் முறை. ஜேர்மனியில் ஓ.எஸ்.ரி.சி. என்னும் சுழியோடற் கணினியின் கட்டளைத் தொடரை யாவரும் வாசிக்க வெளியிட்டனர். லினக்ஸை ஆக்கிய லீனஸ் தோர்வால்ட்ஸ், தாமும் ஒரு சுழியோடி. அவர் 2011இல் தொடங்கிய சப்சேர்பேஸ் என்னும் குறிப்பேட்டு மென்பொருளும் இவ்வாறே திறந்தது. இங்கு வல்லோர் எவரும் மூலநிரலைத் திருத்தலாம். பொறிமொழிக்கு மாற்றித் தொகுத்துக் கருவியிற் பதிக்கலாம்.

எனினும் இவ்வுரிமை பெரும் பொறுப்பைத் தருவது. ஓர் இலக்கம் பிறழினும் உயிர் போகும். திருத்திய கணக்கை, அறியப்பட்ட அட்டவணைகளோடு கரையிலேயே ஒப்பிட்டுத் தேறிய பின்னரே நீரில் இறங்குதல் தகும். பிழைகள் மறைவாயிருப்பதனினும் பலர் கண்ணுக்குப் புலப்படுவது நன்று; ஆயின், அவற்றைப் பொறுமையோடு வாசிப்பார் இல்லையேல், திறந்த ஏடும் மூடிய ஏடே என்க.