மூன்றாவது பெடல்

ஹாலிவுட் படங்களில் சைரன் போட்டுக்கொண்டு துரத்தி வரும் அந்த நீளமான போலீஸ் கார் ஞாபகம் இருக்கிறதா? ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. போலீஸ் ஓட்டித் தேய்த்த பிறகு ஏலத்துக்கு வரும். அதை வாங்கும் சிலர் ஒரு விசித்திரமான வேலை செய்கிறார்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரைத் தகட்டை வெட்டி ஓட்டை போட்டு, கையால் மாற்றுகிற கியரைப் பொருத்துகிறார்கள். கூடவே ஒரு கிளட்ச் பெடல். அதாவது, கையில் இருக்கும் சௌகரியத்தைக் காசு செலவழித்துத் தொலைக்கிறார்கள்.

‘மேனுவல்தான் வேகம்’ என்பது பழைய பதில். இன்றைய ஆட்டோமேட்டிக் மனிதக் கையைவிட வேகமாகக் கியர் மாற்றும் என்பதால் அது இனி செல்லாது. வேறு பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1890களில் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனம் பற்சக்கரங்களை நகர்த்திக் கோர்க்கும் கியர்பாக்ஸைக் காரில் வைத்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களின் பற்களை நேராக மோதவிட்டால் என்ன ஆகும்? கர்ர்ரென்று அலறும், பல் தேயும். அதனால் ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் கார் ஓட்டுவது என்றால் இந்த வித்தையும் சேர்த்துத்தான்.

இதற்கு முடிவு கட்டியவர் ஓரிகன் மாநிலத்துக்காரரான ஏர்ல் தாம்சன். பற்கள் கோர்ப்பதற்கு முன்பே கூம்பு வடிவ உராய்வுப் பரப்பு ஒன்று இரண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். சிங்க்ரோமெஷ் என்று பெயர். 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. இன்று கிளட்ச் மிதித்து சத்தமில்லாமல் கியர் போடுகிறோமே, அதன் மூலம் இதுதான்.

அதே தாம்சன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு குழுவை நடத்தி, கியர் போடும் வேலையையே ஓட்டுநரிடமிருந்து எடுத்துவிட்டார். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ரா-மேட்டிக் வந்தது. நான்கு கியர், கிளட்ச் பெடல் கிடையாது. பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களோடு இரண்டு ஹைட்ரா-மேட்டிக் போனது.

மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு அந்தப் பெட்டியின் உள்ளே நடப்பது பெரிய ஆச்சரியம். அதில் மின்னணு எதுவும் இல்லை, எண்ணெய் மட்டும்தான். வண்டியின் வேகம் ஏற ஏற, சுழலும் கவர்னர் ஒன்று எண்ணெயின் அழுத்தத்தை ஏற்றும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னொரு அழுத்தம் ஏறும். இரண்டும் ஒரு சின்ன வால்வை இரு பக்கமிருந்தும் தள்ளும். வேகத்தின் பக்கம் ஜெயித்தால் வால்வு நகர்ந்து அடுத்த கியர் விழும். மிதி பலமாக இருந்தால், ‘இவருக்கு இழுவை வேண்டும், பொறு’ என்று அது காத்திருக்கும். நாம் எழுதும் ‘இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது’ இரும்பிலும் எண்ணெயிலும் எழுதப்பட்டிருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் குடியேறியது ஒரு தீர்மானம். ஓட்டுநரின் காதும் காலும் சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்த தீர்மானம்.

ஆனாலும் அந்தக் காலத்தில் அதைத் திரும்பப் பெற வழி இருந்தது. கியர்பாக்ஸ் என்பது காரோடு பிறந்த விதி அல்ல என்பதை நிறுவனமே ஒருமுறை காட்டியது. 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகனின் லிவோனியாவில் ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்தது. கார் உற்பத்தியை எத்தனை நாள் நிறுத்திவைக்க முடியும்? காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ப்யூக்கின் டைனாஃப்ளோவையும், பான்டியாக்கில் செவ்ரலேயின் பவர்கிளைடையும் பொருத்தி அனுப்பினார்கள். அவசரம் என்று வந்ததும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிட்டது.

தனி மனிதர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒரே மாடல் இரண்டு விதமாகவும் விற்றதால், மேனுவல் காரின் உதிரிகள் காயலான் கடையில் கிடைத்தன. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட்டும் டார்க் கன்வர்ட்டரும் போய், கனமான ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் வரும். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பைலட் பேரிங் உட்காரும். மூன்று பெடல் உள்ள செட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், தேவைப்பட்டால் நீளம் மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட். முதுகு ஒடியும் வேலைதான். ஆனால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

கிரவுன் விக்டோரியாவுக்கு வருவோம். அந்தப் போலீஸ் காரை ஃபோர்டு மேனுவலில் விற்றதே இல்லை. ஆனால் அதன் 4.6 லிட்டர் வி8 எஞ்சினின் உடன்பிறப்பு அதே காலத்து மஸ்டாங்கில் ஐந்து கியர் மேனுவலோடு வந்தது. ஆகவே இரும்பு பொருந்திவிடும். பொருந்தாதது கம்ப்யூட்டர். கியர்பாக்ஸின் சோலனாய்டுகளோடு பேசிப் பழகிய அது, அவற்றைக் காணாமல் கோளாறு விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ‘உனக்கு ஆட்டோமேட்டிக் கிடையாது’ என்று அதற்குப் புரியவைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதாவது உள்ளே இருக்கும் நிரலைத் திருத்த வேண்டும்.

அங்கேதான் கதை ஸ்பானரைத் தாண்டிப் போகிறது. அந்த நிரல் யாருடையது? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருளுக்குப் போட்ட பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. கார் விஷயத்தில் இதற்கு விலக்கு கேட்டபோது ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்த்தது. டிராக்டர் கம்பெனி ஜான் டீரும் எதிர்த்தது. வண்டி வாங்கியவருக்கு உள்ளே இருக்கும் மென்பொருள் சொந்தமில்லை, அது ஓடும் காலம் வரை பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு என்பது டீரின் வாதம். 2015இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகர் உரிமையாளர் பக்கம் நின்றார்: பழுது பார்க்கவும், மற்றச் சட்டங்களுக்கு உட்பட்டு மாற்றியமைக்கவும் பூட்டைத் திறக்கலாம். ஆனால் இந்த விலக்கு நிரந்தரம் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். சொந்த வண்டியைத் திருத்த வாய்தா வாங்குகிற மாதிரி.

1980இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மேனுவல். இப்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இடது முழங்கால் வலித்தவர்கள் ஆட்டோமேட்டிக் வாங்கியதில் ஒரு குற்றமும் இல்லை. கால் வழங்காதவர்களுக்கு அது விடுதலையே. தீர்மானத்தை ஒப்படைப்பது தப்பில்லை. ஆனால் ஒப்படைத்ததைத் திரும்பக் கேட்டால் கிடைக்க வேண்டும். 1960களில் காயலான் கடைக்குப் போனால் கிடைத்தது. இன்று அதற்கு வக்கீல் வாதாட வேண்டியிருக்கிறது. ஒரு போலீஸ் காரின் தரையில் வெட்டப்படும் ஓட்டைக்கு இதனால்தான் அர்த்தம் வருகிறது. தன் பொருளின் உள்ளே ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளவும், வேண்டாமென்றால் அதை மாற்றவும் ஒருவருக்கு இன்னும் முடிகிறது.

இதைப் பழமை மோகம் என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படிப் பொருத்தப்படும் கியர்பாக்ஸுக்குள் இருப்பது லெவாசோர் காலத்துக் கரகர சத்தம் அல்ல, சிங்க்ரோமெஷ். கழற்றி ஓரமாக வைக்கப்படுவது ஹைட்ரா-மேட்டிக்கின் வம்சம். இரண்டுமே தாம்சன் தந்தவை. ஒன்று கைக்கு உதவி செய்தது, மற்றது கைக்கு ஓய்வு கொடுத்தது. எது வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பேர், கிரீஸ் படிந்த கையோடு, முதலாவதைக் காட்டுகிறார்கள்.