வேகத்தின் விலை

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தெற்கே, சேத்தியாத்தோப்பை அடுத்து வளையமாதேவி என்னும் ஊர் இருக்கிறது. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்திற்காக நெற்பயிர் நின்ற வயல்களில் வாய்க்கால் வெட்டப்பட்டபோது, இவ்வூரின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. நாம் இங்கே பார்க்கப்போவது வேறொரு செய்தி. அது அவ்வூர் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலையைப் பற்றியது.

வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்புக்கு வருபவர், இரண்டு பெரிய சாலைகள் கூடும் ஊருக்கு வந்துவிடுகிறார். ஒன்று சிதம்பரம்–விருத்தாசலம் சாலை. மற்றொன்று விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. லாரி, கார், பேருந்து, டிராக்டர், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, நடந்து செல்லும் மனிதர் ஆகிய அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் சாலைகள் இவை. இங்கே ஒரு மோதல் நேர்ந்தால் உயிரிழப்பவர் யார்?

நாடு முழுவதற்குமான கணக்கு விடை சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர்! தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 19 பேர் பாதசாரிகள். கார் போன்ற இலகு வாகனங்களில் இருந்தவர்கள் 12 பேரே. இரும்புக் கூட்டுக்கு உள்ளே இருப்பவரைவிட வெளியே இருப்பவரே பெருமளவில் மடிகிறார்.

"எல்லாம் விதி" என்று சொல்லிவிடுகிறோம். விதிதான், ஆனால் அது தலைவிதியன்று, இயக்க விதி!

இயற்பியல் சொல்வது என்ன?

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்று நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதுவது, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 கி.மீ. வேகம் என்றால் அந்த உயரம் 14 மீட்டர். அதாவது, முன்னது ஒரு மாடியிலிருந்து விழுவது; பின்னது நான்காம் மாடியிலிருந்து விழுவது. 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஓட்டுநர், எதிரே ஒரு குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

மனித எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதை எந்தச் சட்டமும் மாற்ற முடியாது. நாம் மாற்றக்கூடியவை வேகமும், சாலையின் அமைப்பும், பயணம் செய்யும் முறையுமே.

முதல் பலிகள்

இந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பவர் ஒரு விஞ்ஞானி. அயர்லாந்தைச் சேர்ந்த மேரி வார்டு, நுண்ணோக்கி பற்றிய நூல்களால் புகழ்பெற்றவர். 1869 ஆகஸ்ட் 31 அன்று, உறவினர்கள் செய்திருந்த நீராவி வண்டியில் சென்றபோது கீழே விழுந்து, அதன் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி, காட்சிக்காக ஓட்டப்பட்ட மோட்டார் காரில் அடிபட்டு இறந்தார். அது விபத்து மரணம் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளுக்கான வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்த்தப்பட்டது. நடப்பவர் வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்ற வழக்கம் உலகெங்கும் பரவியது.

பெற்றோர் எழுந்தனர்

இவ்வழக்கத்தை மாற்ற முடியும் என்று காட்டிய நாடு நெதர்லாந்து. அங்கும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. 1971இல் சாலைகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற முழக்கத்துடன் பெற்றோரும் மாணவரும் வீதிக்கு வந்தனர். 1973இல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அரசு வழிக்கு வந்தது. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் பிறந்தன. 2023இல் அந்நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 684 பேர். மக்கள் தொகை பெருகியும், சாவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது!

நம்மிடம் இல்லையா?

"அது பணக்கார நாடு" என்று நீங்கள் கூறலாம். ஆனால் பாதுகாப்பான பயணத்திற்கு வேண்டிய கருவிகள் நம்மிடமே உள்ளன. 1972இல் தமிழ்நாடு அரசு பேருந்துக் கழகங்களை அமைக்கத் தொடங்கியது. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கடலூர்–விருத்தாசலம் இரயில் பாதை நெய்வேலி வழியாகவே செல்கிறது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. பல்லாயிரம் கிராமப் பெண்கள் முதன்முறையாகச் சைக்கிள் ஏறினர். பின்னர் அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டிகளும் வந்தன. ஆனால் அம்மிதிவண்டிகள் ஓடுவதற்குத் தனிப்பாதை வரவில்லை. லாரியின் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால், அந்தப் பரிசே ஆபத்தாகிவிடுமல்லவா? பேருந்து நேரத்திற்கு வராவிட்டால், கடன் வாங்கியேனும் மோட்டார் சைக்கிள் வாங்கத்தானே தோன்றும்? இப்படித்தான் ஒரு சமூகம் மோட்டார் வண்டிக்கு அடிமையாகிறது.

நெய்வேலிச் சுரங்கத்தையே பாருங்கள். தோண்டிய பழுப்பு நிலக்கரியை ஓயாது ஓடும் பட்டைகளில் ஏற்றி அனல்மின் நிலையத்திற்கு அனுப்புகிறார்கள். மொத்தமாகக் கொண்டு செல்ல வேண்டியதை மொத்தமாகவே கொண்டு செல்வதுதான் சிக்கனம் என்று பொறியியல் அறிந்திருக்கிறது. மனிதருக்கும் அது பொருந்தும். ஐம்பது பேர் ஒரு பேருந்தில் சென்றால், ஐம்பது மோட்டார் சைக்கிள்கள் சாலையில் இறங்க வேண்டியதில்லை. மோதுவதற்கான வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

தலைக்கவசம் அணிவதும் குடித்துவிட்டு ஓட்டாதிருப்பதும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதா. ஊருக்குள் வேகம் 30 கி.மீ.க்குள் அடங்க வேண்டும். நெடுஞ்சாலை ஊரைக் கடக்கும் இடங்களில் நடைபாதையும் பாதுகாப்பான கடவையும் வேண்டும். பேருந்துகள் காலந்தவறாது வர வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஒருநாள் காலையில் உங்கள் பள்ளி வாசலுக்கு உள்ளேயே நின்று ஒரு குறிப்பேட்டில் கணக்கெடுங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை பேர் நடந்து வந்தார்கள்? எத்தனை பேர் சைக்கிளில், பேருந்தில் வந்தார்கள்? சாலையைக் கடக்க எத்தனை பேர் தயங்கி நின்றார்கள்? அந்தக் கணக்கை அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்குக் கொண்டுசெல்லச் சொல்லி உங்கள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுங்கள். நெதர்லாந்தின் சாலைகளும் தாமாக மாறிவிடவில்லை. யாரோ ஒருவர் முதலில் எண்ணிப் பார்த்தார். பிறகு பலர் சேர்ந்து கேட்டனர்.