சைதாப்பேட்டை அத்தையும் ஆப்பிள் சைடர் வினிகரும்

சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கம் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போனா முதல்ல காபி வரும். போன தடவை வந்தது ஒரு டம்ளர் கலங்கின தண்ணி. ஒரு வாய் வெச்சேன், தொண்டை எரிஞ்சுது.

"குடிடா, ஆப்பிள் சைடர் வினிகர். தொப்பை கரையும், சுகரும் இறங்கும்."

"நீங்க மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கள்ல அத்தை?"

"ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். அதான் இது இருக்கே!"

பகீர்னு ஆச்சு. மறுநாளே ரத்தம் கொடுக்கக் கூட்டிட்டுப் போனேன். மூணு மாசச் சராசரி சர்க்கரை 7.1ல இருந்து 8.9க்கு ஏறியிருந்தது. அந்தக் கோவத்துலதான் இந்த பாட்டிலோட பூர்வோத்திரத்தை நோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல சரக்கு என்னன்னு பார்ப்போம். ஆப்பிள் சாறுல ஈஸ்ட் சேர்ந்தா சர்க்கரை சாராயமாகும். அதைக் காத்தாட விட்டா வேறொரு பாக்டீரியா வந்து சாராயத்தை அசிட்டிக் அமிலமா மாத்தும். இது உயிருள்ள கிருமி செய்யுற வேலைன்னு 1860கள்ல காட்டினவர் நம்ம பள்ளிக்கூடப் பாடத்துல வர்ற லூயி பாஸ்டர். பாட்டில் அடியில நூல் நூலா மிதக்குதே, 'மதர்'னு லேபிள்ல பெருமையா போடுறாங்களே, அது அந்த பாக்டீரியா கட்டின ஆடைதான்.

நமக்கும் புளிப்பு புதுசில்ல. காடிங்கிற சொல்லே இருக்கு. சித்த மருத்துவத்துல மருந்துச் சரக்கைச் சுத்தி பண்ணக் காடி உண்டு. ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்துற கூழும் புளிச்சதுதான். ஆனா பழைய சோறும் கூழும் புளிக்கிறது பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தால, தயிர் மாதிரி. வினிகர் வேற ஜாதி. அதனால "நம்ம முன்னோர் குடிச்சதுதான் இது"ன்னு யாராவது வந்தா நம்பாதீங்க.

வினிகரை மருந்தாக்கின கதை கிரேக்கத்துல இருந்து வருது. சுமார் 2400 வருஷம் முன்னாடி, ஹிப்போகிரட்டஸ் பேர்ல இருக்கிற நூல்கள்ல தேனும் வினிகரும் கலந்த 'ஆக்ஸிமெல்' வருது. எதுக்கு? நெஞ்சுச்சளி வெளிய வர்றதுக்கு. அது அரபு, பாரசீக வைத்தியர்கள் கைக்குப் போய் 'சிக்கஞ்சபீன்' ஆச்சு. அந்த வழியில வந்த யுனானி வைத்தியத்துக்கு நம்ம அரும்பாக்கத்துலயே அரசுக் கல்லூரி இருக்கு. அடுத்து பிளேக் காலம். 1665-66ல இங்கிலாந்துல ஈம்னு ஒரு கிராமம் தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. வெளியூர்க்காரங்க எல்லைக்கல் கிட்ட சாப்பாடு வெச்சுட்டுப் போவாங்க, கிராமத்துக்காரங்க காசை வினிகர்ல போட்டு வெப்பாங்க. அங்க வினிகர் நம்ம கொரோனா கால சானிடைசர் மாதிரி.

இன்னிக்கு நாம பார்க்குற ஆப்பிள் பாட்டில் மோகத்துக்குப் பெரிய தள்ளு கொடுத்தவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து டாக்டர் ஜார்விஸ். 1958ல 'ஃபோக் மெடிசின்'னு புத்தகம் போட்டார், சக்கைப்போடு போட்டுச்சு. ரெண்டு ஸ்பூன் வினிகர், ரெண்டு ஸ்பூன் தேன், ஒரு டம்ளர் தண்ணி. உடம்பு காரமா மாறும்போது நோய் வருது, வினிகர் குடிச்சு அமிலமாக்கணும்ங்கிறது அவர் வாதம். இப்ப அதே பாட்டிலை விக்கிறவங்க சொல்றது, "உடம்பு அமிலமா இருக்கு, இது காரமாக்கும்"! ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், சரக்கு மட்டும் ஒண்ணே :-) அப்புறம் அவர் பொட்டாசியத்தையும் புகழ்ந்தார். ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர்ல இருக்கிறது சுமார் 11 மில்லிகிராம். நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுல 400 கிட்ட.

ஆக சளி, பிளேக், பொட்டாசியம், இப்ப தொப்பை. ஒவ்வொரு காலத்துக்கும் எது பயமோ, அதுக்கு இந்த பாட்டில் மருந்தாகுது.

சுத்தப் பொய்யான்னா, அதுவும் இல்ல. 2004ல அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ரொட்டி, ஆரஞ்சு ஜூஸ் சாப்பாட்டுக்கு முன்னாடி 20 கிராம் வினிகர் குடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை ஏற்றம் கொஞ்சம் அடங்குச்சு. ஆனா ஆள் மொத்தம் 29 பேர், அளந்தது ஒருவேளைச் சாப்பாடு. 2009ல ஜப்பான்ல குண்டானவங்க தினம் 15 அல்லது 30 மில்லி வீதம் 12 வாரம் குடிச்சாங்க. குறைஞ்சது ஒண்ணு, ரெண்டு கிலோ, நிறுத்தினதும் எடை திரும்ப ஏற ஆரம்பிச்சுது. நடத்தினது வினிகர் கம்பெனி ஆட்கள்ங்கிறதையும் சேர்த்துப் படிச்சுக்கோங்க.

அத்தைக்கு வந்த ஃபார்வர்டுல இருந்தது வேற கணக்கு. மூணு மாசத்துல 6ல இருந்து 8 கிலோ! அது 2024 மார்ச்சில வந்த லெபனான் ஆய்வு, 120 இளைஞர்கள் வெச்சு. உலகம் முழுக்க செய்தியாச்சு. கேப்பையில நெய் வடியுதுன்னா கேட்பாருக்கு மதி எங்கேன்னு சில ஆய்வாளர்கள் கணக்கைக் கிளறினாங்க. எண்கள் நம்புற மாதிரி இல்ல, ஆய்வை முன்கூட்டிப் பதிவும் பண்ணல. 2025 செப்டம்பர்ல பத்திரிகையே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கிச்சு. ஃபார்வர்டை மட்டும் யாரும் திரும்பப் பெறல.

பக்க விளைவும் உண்டு. பல் எனாமல் அரிக்கும். 1998ல ஆஸ்திரியாவுல பதிவான கேஸ் ஒண்ணு: 28 வயசுப் பொண்ணு, ஆறு வருஷமா தினம் கால் லிட்டர் குடிச்சு பொட்டாசியம் இறங்கி, எலும்பும் தேஞ்சுபோச்சு. அத்தை குடிச்சது ரெண்டு ஸ்பூன்தான். அவங்களைக் கவுத்தது வினிகர் இல்ல, விட்ட மாத்திரை.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொன்னேன். லெபனான் கதை வரைக்கும் பொறுமையா கேட்டாங்க.

"அப்ப நானூத்திச் சொச்சம் ரூபாய் பாட்டிலை என்னடா பண்றது?"

சின்ன வெங்காயம் உரிச்சு, உப்பும் பச்சை மிளகாயும் போட்டு அதுல ஊறவெச்சோம். ராத்திரி மாத்திரை பழையபடி டப்பாவுக்கு வந்தாச்சு. அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற மாசம். வெங்காயம் பிரமாதமா இருந்துச்சு, சொல்லிட்டேன்.