கோடையிலும் கிணத்தில் தண்ணி எப்படி?



தரம் 7இல் நீர் வட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல், ஆவியாதல், முகில், மழை, ஆறு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முடித்த நேரம் பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஓகஸ்ட் மாசம் மழையே இல்ல. எங்கட கிணத்துல மட்டும் எப்படித் தண்ணி கிடக்கு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகின் பெரிய மூளைகள் இரண்டாயிரம் வருடம் தடுமாறிய கேள்வி அது.

ஆறுகளுக்கு மழை மட்டும் போதாது என்று அரிஸ்டோட்டில் நினைத்தார். பூமிக்குள் குளிர்ந்த இடங்களில் காற்றே நீராக மாறுகிறது என்றார். ரோமாபுரி செனெக்கா, தான் திராட்சைத் தோட்டம் கொத்திப் பழகியவன், எந்த மழையும் பத்தடிக்குக் கீழே மண்ணை நனைப்பதில்லை என்று எழுதினார். கடல்நீர்தான் நிலத்துக்கடியால் வந்து உப்பு நீங்கி ஊற்றாகிறது என்றும் பலர் நம்பினார்கள்.

பக்தாதில் அட்சரகணிதம் எழுதிப் பெயர்பெற்ற அல்-கரஜி, 1017ஆம் ஆண்டளவில் நிலத்தடி நீரை வெளிக்கொணர்வது பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கித்தான் ஊற்றாகின்றன என்பது அதில் இருக்கிறது. எல்லாம் நம்மவர் அன்றே கண்டுபிடித்தது என்று பெருமை பேச இதை எழுதவில்லை. கணக்குப் போட்டு நிரூபித்தது பின்னால்தான்.

1580இல் பிரான்சில் பலிசி என்ற மட்பாண்டத் தொழிலாளி, ஊற்றுநீர் முழுக்க மழைநீரே என்று அடித்துச் சொன்னார். லத்தீனும் கிரேக்கமும் தெரியாத மனிதர். படித்தவர்கள் காதில் அது ஏறவில்லை.

பிறகு பியர் பெரோ. வரி வசூலிக்கும் பதவியை இழந்து கடனாளியானவர். சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ள்ஸ் பெரோவின் அண்ணன். செய்ன் நதியின் தலைப்பகுதியை எடுத்து, அங்கே விழும் மழையையும் நதியில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். நதி கொண்டுபோவது மழையில் ஆறில் ஒரு பங்குதான்! மழை போதாது என்ற பழைய வாதம் அதோடு உடைந்தது. 1674இல் வந்த அந்தப் புத்தகத்தில் அவர் தன் பெயரைக்கூடப் போடவில்லை.

சரி, அவ்வளவு மழைக்கும் நீர் எங்கிருந்து? 1687இல் எட்மண்ட் ஹேலி (வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்தவரேதான்) ஒரு தட்டில் உப்புநீர் ஊற்றி, கோடைக்காலச் சூட்டளவுக்குச் சூடாக்கி, எவ்வளவு நிறை குறைகிறது என்று பார்த்தார். அதை வைத்து மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு நாளில் 5,280 மில்லியன் தொன் நீர் ஆவியாகும் என்று கணக்கிட்டார். அதில் விழும் பெரிய ஆறுகள் கொண்டுவருவது 1,827 மில்லியன் தொன் மட்டுமே என்பது அவருடைய மதிப்பீடு. ஒரு தட்டும் ஒரு தராசும் போதுமாக இருந்தது.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில் இதுதான். நம்ம ஊர் மணல். மாரியில் பெய்த வடகீழ்ப் பருவமழை மணல் இடுக்குகளில் இறங்கி, பாரமான உப்புநீருக்கு மேலே நன்னீராகக் கிடக்கிறது. ஓகஸ்டில் நாம் குடிப்பது டிசம்பர் மழையை. மோட்டர் போட்டு அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும்.

"அப்ப வளவு முழுக்க கொங்கிறீட் போட்டா?" என்றாள். அவளுடைய வாப்பா போன மாதம்தான் முற்றத்துக்குக் கொங்கிறீட் போட்டிருக்கிறார். என் வீட்டு முற்றமும் அப்படித்தான், என்ன சொல்வது?

இந்த மாரிக்குப் பாடசாலை முற்றத்தில் ஒரு நேரான டின் வைக்கிறோம். மழையை அடிமட்டத்தாலும், கிணற்று நீர்மட்டத்தை முடிச்சுப் போட்ட கயிற்றாலும் அளந்து கொப்பியில் எழுதப்போவது அவள்தான்.