நஞ்சால் வருவித்த நீரிழிவு: தரமணி முதல் அல் ஐன் வரை

1943ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் ஜான் ஷா டன்னும் அவர்தம் குழுவினரும் சிறுநீரகச் சிதைவை ஆராயும் பொருட்டு முயல்களுக்கு அலாக்சானைச் செலுத்தினர். எதிர்பாராத வகையில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் அழிந்தன. தேடாமல் கிடைத்த இவ்விளைவே கணையத்தை அறுத்தெடுக்காமல் விலங்கிற்கு நீரிழிவை வருவிக்கும் முறையாயிற்று. 1963இல் ஸ்ட்ரெப்டோசோடோசினுக்கும் அத்தன்மை உண்டென அறியப்பட்டது. 1976இல் லைக், ரோசினி ஆகியோர் அதனைச் சுண்டெலிகளுக்குச் சிறுசிறு அளவாகப் பன்முறை செலுத்தித் திட்டுகளில் அழற்சியைத் தோற்றுவித்தனர்.

தமிழ் மருத்துவம் இவ்வரலாற்றில் தரமணி வழியாக நுழைகிறது. நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைப்பதால் சர்க்கரைக்கொல்லி எனப் பெயர்பெற்ற சிறுகுறிஞ்சானைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் ஆராய்ந்தனர். 1983இல் நீரிழிவுற்ற முயல்களில் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். 1990இல் வெளியான கட்டுரையோ துணிவானது. ஸ்ட்ரெப்டோசோடோசின் செலுத்திய எலிகளுக்கு இலைச்சாறுகள் இரண்டனுள் ஒன்றை அளித்தபோது 20 நாளிலும், மற்றொன்றை அளித்தபோது 60 நாளிலும் வெறும்வயிற்றுக் குருதிச் சர்க்கரை இயல்புநிலை அடைந்தது. திட்டுகள் மீண்டும் வளர்ந்திருக்கலாம் என அவர்கள் கருதினர். உடன் வெளியான மற்றொரு கட்டுரை இன்சுலின் சார்ந்த நோயாளர் 27 பேரைப் பற்றியது. அவர்தம் கணையத்தை அறுத்துக் காண இயலாது. ஆதலின் மறுவளர்ச்சிக்கு நேரடிச் சான்று எலியிடத்தே நின்றது.

வளைகுடாவில், அல் ஐன் நகரின் ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகத்தார் 1998இல் பாகற்காய்ச் சாற்றை இவ்வாறே சோதித்தனர். பீட்டா உயிரணுக்கள் பெருகின. எனினும் நலமுள்ள எலிகளின் அளவை எட்டவில்லை. இவ்வரையறையை அவர்கள் மறையாது எழுதியமை பாராட்டிற்குரியது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஸ்ட்ரெப்டோசோடோசின் குளூட்2 என்னும் கடத்தியின் வழியே உயிரணுவுள் புகுகிறது. எலியின் பீட்டா உயிரணுவில் அது மிகுதி, மனிதரிடத்துக் குறைவு. நஞ்சிற்குத் தப்பிய உயிரணுக்கள் தாமே தேறுவதும் உண்டு. மேலும், பஹ்ரைனின் ஈசா டவுனிலும் துபாயிலும் வாழும் தமிழருள் நீரிழிவுற்றோர் பெரும்பாலார்க்கு இருப்பது இரண்டாம் வகை. இன்சுலினுக்கு உடல் இணங்காமையே அதன் தொடக்கம். நஞ்சுண்ட எலியின் குறை வேறு. அவ்வெலி தேறியதை நம்பி மாத்திரையை நிறுத்திப் பாகற்சாறு மட்டும் பருகுவோர்க்கு அந்த ஆய்வுகள் துணைநில்லா.

இவ்விடைவெளியை உணர்ந்தே மொகாலியின் தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இல் வேறு முறையை வகுத்தனர்: எலிகளுக்கு முதலில் இரு வாரம் கொழுப்பு மிக்க உணவு, பின்னரே உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 35 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோசோடோசின்.