சிங்கை நகரத்துச் செங்கல் வணிகர்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொடி நாட்டினவர் பெயரையே முதற்கண் எழுதி அமைவர். சிங்கப்பூர் என்றவுடன் ஸர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் என்பார் பெயர் எழுவதும் அம்முறை பற்றியேயாம். அவர் 1819-ம் ஆண்டு ஜனவரியில் அத்தீவிற் கரையிறங்கியதையும், பிப்ரவரி 6-ம் நாள் சுல்தான் உசேனோடும் தெமெங்கோங்கோடும் உடன்படிக்கை செய்துகொண்டதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் கொடிமரத்தின் கீழ்க் குடியிருத்தல் இயலாதன்றோ! குடியிருப்புக்குச் சுவர் வேண்டும். சுவருக்குச் செங்கல் வேண்டும். அச்செங்கல்லுக்கு ஆங்கு முதற் சூளை வைத்தவர் ஒரு தமிழர்.

பினாங்கிலிருந்த நாராயண பிள்ளை என்னும் அவர், அவ்வாண்டு மே இறுதியில் ராபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கைக்குச் சென்றபொழுது, 'இந்தியானா' என்னும் கப்பலில் உடன்சென்றார். முதலில் வாய்த்தது கருவூலத்திற் காசு நோட்டம் பார்க்கும் அலுவல். பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்று வழங்கியது இத்தொழிலாளரையே. அவ்வலுவல் நெடுநாள் நீடிக்கவில்லை. வேறொருவர் அவ்விடத்திற்கு வரவே, பிள்ளை தம் காலில் நிற்கத் துணிந்தார். ஓலைக் குடிசைகளே மலிந்திருந்த அவ்வூரிற் கட்டட வேலை பெருகுமென்று கண்டு, பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்துச் சூளை தொடங்கினார். பருத்தித் துணிக்கடை ஒன்றும் வைத்தார். கடனுக்குச் சரக்கெடுத்து விற்று வாணிகம் வளர்ந்தது.

1822-ம் ஆண்டிற் கடை தீப்பற்றி எரிந்தது. சரக்குப் போயிற்று, கடன் நின்றது. பினாங்கு தொலைவிலன்று, மரக்கலமோ நாடோறும் துறையில் நிற்கும். இரவோடிரவாக ஏறிச் சென்றிருப்பின் தடுப்பார் யார்? பிள்ளை ஓடவில்லை. ராபிள்ஸிடம் சென்று தம் நிலையை உரைத்து உதவி வேண்டினார். வணிகச் சதுக்கத்தில் நிலம் பெற்று மீண்டும் தொழில் தொடங்கினார். பிறர் காசின் நாணயத்தைச் சோதித்தவருடைய நாணயம் அன்று நெருப்பிற் சோதிக்கப்பட்டது என்று நாம் கருதுகிறோம். சூளை வைத்ததினும் இதனையே நாம் பெரிதென மதிப்போம்.

அவர் இன்ன குலத்தாரென்று உரிமை கொண்டாட நாம் முற்படவில்லை. கடல் கடந்த வணிகர் அனைவர்க்கும் அவர் உறவினரே.

தம்மினத்தார் வழிபடுதற்கு ஒரு கோயில் வேண்டுமென்று அவர் பட்ட பாடும் சிறிதன்று. முதலிற் குறித்த தெலுக் ஆயர் வீதியிடத்தில் நல்ல நீர் இல்லை. அடுத்த இடம் நகரமைப்புத் திட்டத்திற்கு ஒவ்வவில்லை. 1823-ல் தென்பாலச் சாலையில் இடம் அமைந்தது. 1827-ல் மாரியம்மன் கோயில் எழுந்தது. செங்கற் சூளை வைத்தவர் எடுப்பித்த அக்கோயில் முதலில் மரத்தாலும் ஓலையாலுமே ஆனது! இன்றுள்ள செங்கற் கட்டடத்தின் பழம்பகுதி 1843-ம் ஆண்டினது.

2019-ம் ஆண்டு ஜனவரியில், ஆற்றங்கரை ராபிள்ஸ் சிலையருகே நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வர்க்குச் சிலை நிறுத்தினர். அவை சின்னாட்களுக்கென வைக்கப்பட்டவை. கோயிலின் இருமருங்கும் உள்ள தெருக்களோ, அக்கோயிலும் அதன் கோபுரமும் பற்றி டெம்பிள் தெரு, பகோடா தெரு என இன்றும் வழங்குகின்றன.